மூலையில் விழும் வெடிப்பு

மன்னாரின் கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்கள் பாயும் ஊர்களில், முருங்கனிலிருந்து உயிலங்குளம் வரை, வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போனால் வெடிப்புகளுக்கும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். பழைய வீட்டோடு பிறகு ஒட்டிக் கட்டிய குசினி வீட்டுச் சுவரைச் சந்திக்கும் உள்மூலையில் ஒரு வெடிப்பு மேலிருந்து கீழாக ஓடும். விறாந்தை வீட்டோடு சேரும் இடத்தில் இன்னொன்று. யன்னலின் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சரிந்து ஏறுவது மூன்றாவது. வாசலோ யன்னலோ இல்லாத வெறுஞ்சுவரின் நடுவில் அநேகமாக ஒன்றும் இராது.

மேசன்மார் மண்ணைக் குறை சொல்வார்கள். அது சரிதான். முருங்கன் களி பெயர் பெற்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் களிமண் போனது. மாரியில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அத்திவாரமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆனாலும் மண் ஆட்டுவது முழு வீட்டையும். வெடிப்பு மட்டும் ஏன் அந்த உள்மூலையைத் தேடிப் போகிறது?

காரணம் வீட்டின் வடிவம். நாற்சதுரமான வீடு ஒரே உடம்பாக அசையும். ஒட்டுக் குசினியோடு ‘ட’ போல மடங்கி நிற்கும் வீட்டில் இரண்டு உடம்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பாட்டில் அசையும். இரண்டும் பொருந்திய இடம் கிழியும். களிமண் இதை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் செய்கிறது. பூமியதிர்ச்சி அதையே அரை நிமிடத்தில் செய்துவிடும்.

மன்னாரில் பூமியதிர்ச்சியா?

கேட்பது நியாயம். இங்கே பெரிய பகை புயலும் வெள்ளமும்தான். தனுஷ்கோடியை விழுங்கிய 1964 டிசம்பர்ப் புயல் தலைமன்னாரையும் விட்டுவைக்கவில்லை. பூமியதிர்ச்சியில் வீடு இழந்தவர் என்று சொல்ல இந்தக் கரையில் யாரும் இல்லை. அதனால் பூச்சாண்டி காட்டும் கட்டுரையாக இதை வாசிக்கத் தேவையில்லை.

ஆனாலும் கணக்கு முழுவதும் வெறுமையாக இல்லை. 1615 ஏப்ரலில் கொழும்பு குலுங்கியது. 200 வீடுகளும் கோட்டைச் சுவரின் ஒரு பகுதியும் இடிந்ததாகவும் 2000 பேர் வரை இறந்ததாகவும் போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்பு சொல்கிறது. 1938 செப்டம்பரில் மன்னார்க் குடாவுக்குள்ளேயே 5.8 அளவிலான அதிர்ச்சி ஒன்று பதிவாகியிருக்கிறது. 1993 டிசம்பரில் அதைவிடச் சிறியதொன்று. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் எழுந்த அதிர்ச்சி சென்னையைத் தெருவுக்கு ஓடவைத்தது, இலங்கையிலும் உணரப்பட்டது. 2018இல் திருகோணமலை, 2020இல் விக்டோரியா அணைக்குக் கிட்டவுள்ள திகன, 2023இல் புத்தள எனச் சிறு நில அதிர்வுகள் செய்தியாகின. பல்லேகல, மஹகனதராவ முதலான இடங்களில் உள்ள கருவிகளைக் கொண்டு புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் இவற்றைப் பதிந்துவருகிறது.

மன்னார்க் குடாவே நிலம் கிழிந்து உண்டான பள்ளம்தான். கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டம் பிரிந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் விழுந்த பிளவில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேறும் மணலும் படிந்தன. 2011இல் அதற்குள்தான் எரிவாயு கண்டுபிடித்தார்கள். பிளவு பழையது, இப்போது பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கிறது. இலங்கை நிற்கும் புவித்தட்டு மட்டும் உறங்கவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே, அந்தத் தட்டின் உட்பகுதியிலேயே 8.6 அளவில் அதிர்ச்சி எழுந்தது. தட்டுகளின் விளிம்பில்தான் பெரிய அதிர்ச்சி வரும் என்ற பாடசாலைப் பாடம் அன்று கொஞ்சம் தடுமாறியது.

உறுதியான நிலம் என்ற நம்பிக்கைக்கு விழுந்த கடுமையான அடி மகாராஷ்டிரத்தில் லாத்தூர். தக்காணத்தின் பழம்பாறை மேல் இருந்த அந்தப் பகுதி அன்றைய இந்திய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள முதலாம் வலயத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை கிள்ளாரி என்ற ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் தங்கள் கல்வீடுகளுக்குள் புதைந்தார்கள். அளவு 6.2 மட்டுமே. முதலாம் வலயம் என்ற ஒன்றே பிறகு வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. 2002இல் அதைத் திருத்தியபோது சென்னையும் இரண்டிலிருந்து மூன்றாம் வலயத்துக்கு ஏறியது.

அபூர்வமாக வருவதில் ஒரு வில்லங்கம் உண்டு. அடிக்கடி குலுங்கும் ஊரில் மேசனுக்கே பயம் இருக்கும். தாத்தா கட்டிய வீடு ஏன் விழுந்தது என்று அவனுக்குத் தெரியும். நமக்கு அந்த நினைவு இல்லை. பிரதேச சபையில் வீட்டுப் படத்துக்கு அனுமதி கேட்டால் வீதிக்கோடு, எல்லையிலிருந்து விட்ட தூரம், மலசலகூடக் குழி எல்லாம் பார்ப்பார்கள். ஆட்டத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கம்பியைக் கூட்டு, தூணைப் பெருப்பி என்று சொன்னால் சொந்தக்காரருக்குச் செலவு. வடிவத்தை ஒழுங்காக்கு என்று சொன்னால் செலவு ஒரு சதமும் இல்லை. படம் கீறும் மேசையிலேயே முடிந்துவிடும் வேலை. இந்தக் கரைக்கு ஏற்ற பாதுகாப்பு அதுதான் என்பது என் எண்ணம். பூமியதிர்ச்சி வராமலே போனாலும் நட்டம் இல்லை, களிமண் வெடிப்பாவது குறையும்.

தள்ளுவது ஓரிடம், பிடிப்பது வேறிடம்

நிலம் அசையும்போது கட்டடத்தை யாரும் வெளியிலிருந்து தள்ளுவதில்லை. அதன் சொந்தப் பாரமே அதைத் தள்ளுகிறது. அத்திவாரம் பக்கவாட்டில் போகிறது, மேலே இருக்கும் கொங்கிறீற் தளம் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அந்த இழுபறியின் விசை தளத்தின் பார மையத்தில் விழும். அதை எதிர்த்துப் பிடிப்பவை சுவர்களும் தூண்களும். அவை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தால் பிடிக்கும் மையமும் பார மையமும் ஒரே இடத்தில் விழும். கட்டடம் நேராகப் போய் நேராக வரும். பலமான சுவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் கட்டடம் முறுகும்.

பேசாலைக் கரையில் அணியத்தில் மட்டும் நங்கூரம் போட்ட வள்ளத்தை அலை தள்ளும்போது பார்த்தால் இது விளங்கும். அலை தள்ளுவது முழு வள்ளத்தையும், பிடி இருப்பது ஒரு முனையில். வள்ளம் அந்தப் பிடியைச் சுற்றித் திரும்பும், அதிகம் அலைவது மறுமுனை. கட்டடத்திலும் அந்த மறுமுனைத் தூண்கள்தான் முதலில் ஒடியும்.

இதற்கு உலகமே பாடமாகப் படிக்கும் சோடி ஒன்று நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் இருந்தது. மத்திய வங்கிக் கட்டடமும் அமெரிக்க வங்கி என்ற தனியார் வங்கியின் கட்டடமும் அக்கம்பக்கத்தில் நின்றன. மண் ஒன்று, ஆட்டம் ஒன்று. 15 மாடி மத்திய வங்கியில் லிப்ட், மாடிப்படிச் சுவர்கள் எல்லாம் ஒரு கோடியில் குவிந்திருந்தன; மேல்மாடிகளில் நெருக்கமாக வந்த தூண்கள் கீழ்மாடியில் சிலவாகக் குறைந்தன. 18 மாடித் தனியார் வங்கியைப் பொறியியலாளர் டி. ஒய். லின் வடிவமைத்திருந்தார். நடுவில் நான்கு சுவர்க் கூடுகள், நாலாபக்கமும் ஒரே அளவு. 1972 டிசம்பர் 23 நள்ளிரவுக்குப் பின் நகரம் ஆடியது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மத்திய வங்கி பெருஞ்சேதம் அடைந்தது. உயரமான மற்றதில், சுவர்க் கூடுகளை இணைத்த பீம்களில் வெடிப்பு விழுந்ததோடு சரி. விலையுயர்ந்த சீமெந்தோ தடித்த கம்பியோ இந்த வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

இனி மன்னார்ப் பட்டினத்துக் கடைத்தெருவுக்கு வருவோம். நிலம் ஒடுங்கியது, விலை கூடியது. பின்பக்கம் முழுச் சுவர், இரு எல்லையிலும் முழுச் சுவர், முன்பக்கம் முழுவதும் றோலர் கதவு. கதவை ஏற்றிவிட்டால் முன்னால் நிற்பவை மெலிந்த இரண்டோ மூன்றோ தூண்கள்தான். மேலே ஒரு மாடி, சிலவேளை இரண்டு. வீதியின் நீளவாட்டில் நிலம் அசைந்தால் பின்சுவர் நங்கூரம்போலப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் சுழலும். சந்தியில் நிற்கும் மூலைக்கடை இன்னும் மோசம். அதற்கு இரண்டு பக்கம் திறப்பு. 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தில் கடுஞ்சேதமடைந்த கட்டடங்களை ஆராய்ந்தபோது பத்தில் நான்குக்கு மேல் இப்படியான மூலைக் கட்டடங்களாக இருந்தன. வியாபாரத்துக்கு நல்ல இடம் எதுவோ அதுவே ஆட்டத்துக்குக் கெட்ட இடம். இதற்காக யாரும் மூலைக்கடையை விற்கப்போவதில்லை. முன்மூலைகளில் மூன்று நான்கு அடி அகலத்துக்குக் கொங்கிறீற் சுவர் மடக்கிவிட்டால் போதும், சுழற்சி வெகுவாகக் குறையும். இழப்பது ஒரு கண்ணாடி அலுமாரி வைக்கும் இடம்.

உள்மூலை

‘ட’ வடிவ வீடு, நடுமுற்றத்தை மூன்று பக்கம் அணைத்த மண்டபம், சிலுவை வடிவத் தேவாலயம். இவை எல்லாவற்றிலும் உள்ளே மடங்கும் மூலைகள் உண்டு. நீண்ட கை ஒன்றும் குறுகிய கை ஒன்றும் சேர்ந்த கட்டடத்தில், நிலம் ஒரு திசையில் அசையும்போது ஒரு கை தன் நீளவாட்டில் அசைகிறது, அது விறைப்பு. மற்றது குறுக்குவாட்டில் அசைகிறது, அது இளக்கம். ஒரே ஆட்டத்துக்கு இரண்டும் வேறு வேறு அளவில் நகரும்போது இழுபடுவது உள்மூலை. இந்திய நியமமான ஐ.எஸ். 1893 இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஒரு திசையில் கட்டடத்தின் மொத்த நீளத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஒரு கை வெளியே நீண்டால் அது ஒழுங்கற்ற வடிவம் என்று கணக்கு. 40 அடி வீட்டில் 6 அடி. அதைத் தாண்டினால் வீடு விழுந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது; பொறியியலாளர் கூடுதலாகக் கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்கெங்கும் எழுந்த வீடுகள் 550 சதுர அடி. ஒரு தளம், சிறிய பரப்பு. அந்த அளவில் ஆபத்து அதிகமில்லை. பிள்ளைகள் வளர, வெளிநாட்டுக் காசு வர, பின்னால் ஓர் அறை, பக்கத்தில் குளியலறை, முன்னால் போட்டிக்கோ என்று வீடு முளைவிடுகிறது. ஒவ்வொரு ஒட்டுக்கும் வேறு ஆழத்தில் அத்திவாரம், வேறு உயரத்தில் கூரை. பழைய சுவரில் நாலு இடத்தில் குத்தி இரண்டு கம்பியைச் செருகிப் பூசிவிட்டால் இணைந்துவிட்டது என்ற நினைப்பு. இது இணைப்பும் இல்லை, பிரிப்பும் இல்லை. ஒன்றில் அத்திவாரத்திலிருந்து கூரை மட்டம் வரை பீம் பீமாகக் கட்டி ஒரே உடம்பாக்க வேண்டும். அல்லது நடுவில் வெறும் இடைவெளி விட்டு இரண்டாகவே நிற்கவிட வேண்டும். இடைப்பட்ட எதுவும் வெடிக்கும்.

வாஸ்து பார்ப்பவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். மனையின் மூலை வெட்டுப்படக்கூடாது, வீடு சதுரமாக, நீள்சதுரமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முடிவு ஒன்றுதான், போன வழி வேறு. முன்னோர் பூமியதிர்ச்சி அறிந்து சொன்னார்கள் என்று இதிலிருந்து கதை கட்ட நான் தயாரில்லை. ஏனென்றால் அதே சாத்திரம் தண்ணீர்த் தாங்கியைத் தென்மேற்கு மூலையில் ஏற்று என்றும் சொல்கிறது. பாரத்தை ஒரு மூலைக்குத் தள்ளுவது பொறியியலுக்கு உவப்பில்லை. நல்லவேளையாக அது பெரிய பாரமும் இல்லை. 1000 லீற்றர்த் தாங்கி ஒரு தொன். அதைத் தாங்கும் 1000 சதுர அடி, 5 அங்குலத் தளம் மட்டுமே 28 தொன் வரும். தாங்கியால் வீடு முறுகாது. வீட்டின் மேல் ஒல்லிக் கால்களில் நிற்கும் அந்தத் தாங்கிதான் முதலில் கவிழும்.

தேவாலயங்களைப் பற்றி ஒரு சொல். மன்னாரில் ஊருக்கொரு கோயில், கோயிலுக்கொரு மணிக்கூண்டு. தாழ்ந்த அகன்ற மண்டபம் விறைப்பானது, வேகமாக ஆடும். உயர்ந்த கூண்டு மெல்ல ஆடும். இரண்டையும் ஒட்டிக் கட்டினால் ஒன்றை ஒன்று இடிக்கும். 2011 பெப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பேராலயம் தன் கோபுரத்தை இழந்தது. புதிதாக மணிக்கூண்டு கட்ட நினைக்கும் பங்குச் சபைகள் அதைத் தனியாக, பத்தடி தள்ளிக் கட்டினால் வேலை எளிது. இத்தாலியில் பல ஊர்களில் கூண்டு அப்படித்தான் நிற்கிறது, அழகாகவும் இருக்கிறது.

அகமதாபாத்தின் கால்கள்

2001 ஜனவரி 26 காலை 8.46. இந்தியக் குடியரசு தின அணிவகுப்புக்குப் பிள்ளைகள் புறப்பட்டிருந்த நேரம். குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் குலுங்கியது. பூஜ், பச்சாவ், அஞ்சார் அழிந்தன. அவை மையத்துக்குக் கிட்ட இருந்தவை; அங்கே எதைக் கட்டியிருந்தாலும் கடினம்தான். கட்டடக்காரரை உலுக்கியது 200 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத். நகரின் பெரும்பகுதி அப்படியே நின்றது, பழைய நகரத்து ஒடுங்கிய சந்து வீடுகள் உட்பட. விழுந்தவை பெரும்பாலும் ஆறேழு ஆண்டுகளுக்குள் கட்டிய நான்கு மாடி, பத்து மாடிக் குடியிருப்புகள். நூற்றுக்கணக்கானோர் அவற்றுக்குள் இறந்தார்கள்.

அவை எல்லாவற்றுக்கும் ஒரு முகச்சாயல் இருந்தது. தரைத்தளம் வாகனம் நிறுத்தத் திறந்துவிடப்பட்டிருந்தது. தூண்கள் மட்டும், சுவர் இல்லை. முதலாம் மாடியிலிருந்து அறைச் சுவர்கள். செங்கல் சுவர் பாரம் தாங்கக் கட்டியதல்ல என்றாலும் பக்கவாட்டு அசைவை நன்றாக எதிர்க்கும். மேலே நான்கு மாடியும் பெட்டிபோல விறைத்து நிற்க, எல்லா நெளிவும் தரைத்தளத் தூண்களின் தலையில் விழுந்தது. பொறியியலாளர் இதை மென்தளம் என்பார்கள். இன்னொரு கெட்ட பழக்கம், மேல்தளங்களை மூன்று நான்கு அடி வெளியே நீட்டிக் கட்டியது. நீட்டிய பகுதியின் ஓரத் தூண்கள் தரைவரை இறங்கவில்லை. தொங்கும் பீமின் நுனியில் மிதந்தன. மேலிருந்து வந்த விசை தரைக்குப் போகும் வழியில் பாதியில் பாதையே இல்லாமல் நின்றது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கலிபோர்னியா இதைக் கண்டிருந்தது. 1971 பெப்ரவரியில் சான் பெர்னாண்டோ அதிர்ச்சியின்போது ஒலிவ் வியூ என்ற புத்தம் புதிய மருத்துவமனையின் மேல்மாடிகள் பெரிய சேதமின்றி நின்றன. கீழ்த்தளத் தூண்கள் மட்டும் பக்கவாட்டில் மடங்கிக் கட்டடம் முழுவதும் ஒரு பக்கம் பெயர்ந்து நின்றது. தனியே ஒட்டி நின்ற மாடிப்படிக் கோபுரங்கள் நான்கில் மூன்று சரிந்து விழுந்தன. தப்பி ஓட வேண்டிய வழிதான் முதலில் போனது.

மன்னாரில் பத்து மாடி இல்லை. தரைத்தளத்தில் கடையும் மேலே வீடும் உள்ள இரண்டு, மூன்று மாடிகள் இருக்கின்றன. தூணில் நிற்கும் போட்டிக்கோவுக்கு மேல் அறை எடுத்த வீடுகள் இருக்கின்றன. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த படத்தைப் பார்த்து முகப்பில் வளைந்த பல்கனியை எட்டடி நீட்டிய வீடுகளும் எழுகின்றன. அழகில் குற்றம் இல்லை. ஆனால் கொந்தராத்துக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மேலே நிற்கும் இந்தத் தூண் கீழே தரையில் எங்கே இறங்குகிறது? விரலால் காட்டச் சொல்லுங்கள். விரல் பீமில் நின்றுவிட்டால் படத்தைத் திருப்பிக் கீற வேண்டும்.

பாடசாலை அரைச்சுவர்

எனக்கு இதில் அதிகம் உறுத்துவது பாடசாலைக் கட்டடம். நீண்ட மாடிக் கட்டடம், ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் விறாந்தை, வகுப்பறைகளுக்கு அரைச்சுவர், அதற்கு மேல் காற்றுக்காகத் திறப்பு. நம் வெக்கைக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. சிக்கல் தூணில் இருக்கிறது. பத்தடித் தூணை ஐந்தடி வரை சுவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டால், அசையக்கூடிய நீளம் ஐந்தடிதான். நீளம் பாதியானால் தூணின் விறைப்பு எட்டு மடங்காகும். நீளத்தின் மும்மடிக்கு எதிராக அது மாறுகிறது. விறைப்பானது எதுவோ அதுதான் விசையை இழுத்துக்கொள்ளும். அரைச்சுவர் இல்லாத பக்கத்துத் தூண்கள் சும்மா நிற்க, இந்தக் குட்டைத் தூண்கள் தங்களுக்கு விதிக்காத பாரத்தை ஏற்றுப் பெருக்கல் குறிபோல வெடித்து உடையும். யப்பானிலும் துருக்கியிலும் பாடசாலைகள் இப்படி உடைந்திருக்கின்றன.

தீர்வு மலிவானது. அரைச்சுவருக்கும் தூணுக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, இறுகாத பொருளால் அடைத்துவிடலாம். சுவர் தானே விழாதபடி அதற்குத் தனியே சிறு கொங்கிறீற் பட்டி கொடுக்க வேண்டும். புதிதாகக் கட்டினால் தூணின் முழு உயரத்துக்கும் வளையக் கம்பிகளை நெருக்கி வைப்பது இன்னும் நல்லது.

மணலும் வட்டமும்

மன்னார்த் தீவுக்குள் மண் மாறுகிறது. தாழ்வுபாடு, பேசாலைப் பக்கம் தளர்ந்த மணல், சில அடியில் தண்ணீர். நீர் ஊறிய தளர்மணல் நெடுநேரம் குலுங்கினால் சேறுபோல இளகும். 2001இல் கட்ச் கரையின் காண்ட்லாத் துறைமுகத்தில் ஆழக் கட்டைகள் இறக்கிக் கட்டிய 22 மீற்றர்க் கோபுரம் அப்படித்தான் சாய்ந்தது. வடிவம் ஒழுங்காக இருந்தால் கட்டடம் முழுதாகச் சாயும், உடையாது. அதுவும் ஓர் ஆறுதல்தான், உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிடலாம்.

அதே கட்ச்சில் பன்னி புல்வெளியின் ‘புங்கா’ எனப்படும் வீடுகள் பெரும்பாலும் நின்றன. மண்ணால் கட்டிய வட்டக் குடிசை, மேலே கூம்புக் கூரை. 1819 ஜூனில் அப்பகுதியை ஒரு பேரதிர்ச்சி சிதைத்த பிறகு பரவிய வடிவம் என்று சொல்கிறார்கள். வட்டத்துக்கு மூலையே இல்லை. எந்தத் திசையில் தள்ளினாலும் எதிர்ப்பு ஒன்றுதான். மன்னாரில் யாரும் வட்ட வீடு கட்டப்போவதில்லை, கட்டிலும் அலுமாரியும் எங்கே வைப்பது? ஆனால் கிள்ளாரியில் நடந்ததைப் பின்பற்றலாம். ஊரே இடிந்த அந்த இடத்தில், யன்னல் வாசல்களுக்கு மேல் எல்லாச் சுவரையும் சுற்றி இடைவிடாமல் கொங்கிறீற் பட்டி ஓடிய ஒரு வீடு சேதமின்றி நின்றது. நம் மேசன்மார் லின்ரல் போடாத வீடு இல்லை. யன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடுவதை, மூலைகளில் கம்பியை மடக்கி வீடு முழுவதும் சுற்றி இழுத்துவிட வேண்டும். புயலில் சுவர் பெயராமல் இருப்பதற்கும் அதுவே உதவும்.

ஒட்டுக் கட்டடத்துக்கு வருவோம். இடைவெளி விடுவது என்று முடிவெடுத்தால் ஒரு தள வீட்டுக்கு இரண்டு அங்குலம் தாராளம். மாடி ஏற ஏற அதுவும் அகல வேண்டும். அத்திவாரத்துக்கு மேலிருந்து கூரை வரை அந்த இடைவெளி வெறுமையாகவே இருக்க வேண்டும். கல் அடுக்கும்போது சிந்தும் சாந்து உள்ளே விழுந்து இறுகினால் இடைவெளி இருந்தும் பயனில்லை. பலகை ஒன்றைச் செருகிக் கட்டிப் பிறகு உருவிவிட வேண்டும். மழைத்தண்ணீர் இறங்காமல் மேலே தகரம் மூடலாம், அவலட்சணமாகத் தெரியாமல் முன்பக்கம் பட்டி அடிக்கலாம். இரண்டுக்கும் ஆணி ஒரு பக்கச் சுவரில் மட்டும். மறுபக்கத்திலும் அடிக்கும் மேசனை வேலை நேரத்திலேயே தடுத்துவிடுங்கள்; பூச்சுப் பூசி முடிந்தபின் அது யாருக்கும் தெரியாது.